பதற்றத்துக்கான மாத்திரைகள்: மருந்தகத்தில் நான் காணும் தவறுகள்

பதற்றத்துக்காக முதன்முறையாக லோரஸிபாம் அல்லது அல்பிரஸோலாம் வாங்கிச் செல்பவர்கள், முன்பு வந்தவர்கள் செய்த அதே பிழைகளைச் செய்வதை மருந்தாளராகப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஒரு வேளை மாத்திரையை மறப்பது போன்ற சிறு தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் நிறுத்துவது

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பல மாதங்களாக இரவில் லோரஸிபாம் உட்கொண்டுவந்த ஓர் அம்மா, திருச்சிக்குத் திருமணத்துக்குப் புறப்பட்டபோது, "இதற்கு அடிமையாகிவிடுவாய், விட்டுவிடு" என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு மாத்திரைகளைச் சிங்கப்பூர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். சில நாட்களில் தூக்கம் போயிற்று, கை நடுங்கிற்று, நெஞ்சு படபடத்தது. பழைய நோய் திரும்பிவிட்டது என்று குடும்பத்தார் எண்ணிக்கொண்டிருக்கையில் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

அந்த உறவினரின் அச்சத்தில் நியாயம் உண்டு. லோரஸிபாம், அல்பிரஸோலாம் போன்ற பென்சோடையசிபைன் வகை மருந்துகள் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை வலுப்படுத்துகின்றன. சில வாரங்கள் நாள்தோறும் உட்கொண்டாலே மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கும். அந்தத் துணையைத் திடீரென எடுத்துவிட்டால், அடக்கி வைத்திருந்த கிளர்ச்சி முழுவதும் ஒன்றாக எழுகிறது. இதே வகையைச் சேர்ந்த, உடலில் பல நாட்கள் தங்கும் டயஸிபாமைவிட, விரைவில் வெளியேறும் அல்பிரஸோலாமை நிறுத்தியவர்களுக்கு இத்தொல்லை சீக்கிரமே தொடங்கும்.

மருத்துவர்கள் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு அளவில் குறைக்கத் தொடங்கி, நோயாளியின் நிலையைப் பார்த்து வேகத்தை மாற்றுவார்கள். நிறுத்த விரும்பினால் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) உங்கள் மருத்துவரிடமோ அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வலிப்போ மனக்குழப்பமோ தோன்றினால் தாமதிக்காமல் சிங்கப்பூரின் அவசர மருத்துவ வாகன எண்ணான 995-ஐ அழையுங்கள்.

மதுவும் இருமல் மருந்தும்

மதுவோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இம்மாத்திரையுடன் சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்கு மந்தமாகலாம். பீரும் மதுதான்.

அடுத்தவர் மாத்திரை

கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள்.

செர்ட்ராலினை ஒரு வாரத்தில் கைவிடுவது

பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் செர்ட்ராலின், மேலே சொன்னவற்றிலிருந்து வேறு வகை மருந்து. உட்கொண்ட உடனே பதற்றம் தணியாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் பலர் பொறுத்திருக்கிறார்கள்.

முதியவர்கள்

இரவில் கழிவறைக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது லோரஸிபாம் போன்ற மருந்துகளில் நன்கறிந்த ஆபத்து. தாத்தா பாட்டிக்கு இம்மாத்திரை எழுதப்பட்டிருந்தால், படுக்கையிலிருந்து கழிவறை வரை விளக்கு எரியட்டும்.