ஸ்டெலாரிஸின் கடைசி நூறு வருடம்: எங்கள் பெடியள் விடும் பிழைகள்

விண்வெளியில் ஒரு பேரரசைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டுத்தான் ஸ்டெலாரிஸ். அதை விளையாடும் வன்னிப் பெடியள், ஆட்டத்துக்குள் ஓடும் வருடக் கணக்கில் 2300 வரைக்கும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். கொலனிகள் பெருகும், அயலில் உள்ளவர்கள் அடங்கி இருப்பார்கள். 2400 தாண்டியதும் கொஞ்ச வருடத்திலேயே எல்லாம் கைவிட்டுப் போய்விடும். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் இறுதிக்கட்டம் தொடங்குவது 2400இல், வெற்றியைக் கணக்கிடுவது 2500இல். ஆனால் தோல்விக்கான காரணத்தைத் தேடிப் பார்த்தால், அது பெரும்பாலும் 2400க்கு முன்பே செய்துவைத்த வேலையாக இருக்கும்.

முதல் பிழை, வீழ்ந்த பேரரசுகளை, அதாவது கணினி இயக்கும், தொடக்கத்திலேயே பெரும்பலம் கொண்ட பழைய பேரரசுகளை, சும்மா கிடப்பவை என்று நினைப்பது. அவை எல்லையை விரிப்பதில்லை, வாய் திறப்பதும் குறைவு. அதற்காகக் கோபம் வராது என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கூடாத இடம் உண்டு. தனிமை விரும்பும் பேரரசுக்குத் தன் எல்லையோரம் யாரும் குடியேறக்கூடாது. அறிவைக் காக்கும் பேரரசுக்கு ஆபத்தான தொழில்நுட்பத்தை நீங்கள் ஆராய்வது பிடிக்காது. ஆன்மீகப் பேரரசுக்குப் புனித உலகங்கள்.

புதுக்குடியிருப்பில் இருக்கும் தம்பி ஒருவன் இதில்தான் மாட்டினான். "அண்ணை, நல்ல கிரகம், ஆளில்லாமல் கிடந்தது, எடுத்துப் போட்டன். இப்ப ஏன் சண்டைக்கு வாறாங்கள்?" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தால், கிரகத்தின் பண்புகள் வரிசையில் புனித உலகம் என்ற அடையாளம் தெளிவாக இருந்தது. கிரகத்தின் அளவைப் பார்த்த கண் அந்தச் சின்னத்தைப் பார்க்கவில்லை. குடியேற்றக் கப்பலை அனுப்ப முன்னர் அந்த வரிசையை ஒருமுறை வாசியுங்கள். கைவிடச் சொல்லிக் கோரிக்கை வந்தால் மானம் பார்க்காமல் கைவிடுங்கள். ஒரு கொலனியை விடுவது ஒரு கப்பற்படையை இழப்பதைவிட எவ்வளவோ மலிவு.

பிற்காலத்தில் இதே பேரரசுகள் விழித்தெழக்கூடும். எதிரெதிர்க் கொள்கையுள்ள இரண்டு விழித்தால் விண்ணுலகப் போர் தொடங்கலாம். உடனே பெரிய பக்கத்தில் சேர்ந்துவிடுவதுதான் பலரும் செய்வது. அப்புறம் அதன் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்க வேண்டும். அணிசேராக் கூட்டணி அமைக்கும் வாய்ப்பும் அங்கேயே இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. விழித்த பேரரசு காலம் போகப் போகச் சோர்ந்து பலமிழக்கும். ஆகவே தாக்குப்பிடித்து இழுத்தடிப்பவருக்கு வழி உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, கப்பற்படையின் பலம் என்று காட்டும் ஒற்றை எண்ணை நம்புவது. அந்த எண் உங்கள் கப்பல் யாரை எதிர்க்கப் போகிறது என்று சொல்லாது. இறுதிக்கட்டத்தில் முழு மண்டலத்தையும் அழிக்க வரும் எதிரியைத்தான் நெருக்கடி என்கிறோம். உயிரினங்களான பிரெதொரின், வேற்றுப் பரிமாண அன்பிட்டன், இயந்திரங்களான கன்டிஞ்சென்சி எல்லாம் அந்த வகை. பிரெதொரின் கூட்டம் விண்மீன் மண்டலத்தின் விளிம்பிலிருந்து வரும். அவற்றுக்கு ஷீல்ட் கிடையாது, கவசமும் உடலும்தான். ஷீல்டை உடைக்கும் கைனெட்டிக் பீரங்கிகளால் நிரம்பிய படை அங்கே பாதிப் பலத்தை வீணாக்கும். பிளாஸ்மா, லான்ஸ் போன்ற, கவசத்தை அரிக்கும் ஆயுதங்களைப் போடுங்கள். பிரெதொரினின் ஏவுகணைகள் ஷீல்டைத் தாண்டி வரும் என்பதால் உங்கள் கப்பலுக்கும் ஷீல்டைக் குறைத்துக் கவசத்தைக் கூட்டுங்கள், ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் பாயின்ட் டிஃபென்ஸையும் சேருங்கள். வேற்றுப் பரிமாணத்திலிருந்து வரும் அன்பிட்டன் இதற்கு நேர்மாறு: தடித்த ஷீல்ட். அங்கே கைனெட்டிக்தான் கை கொடுக்கும். ஆகவே யார் வருகிறார்கள் என்று தெரிந்த அன்றே கப்பல் வடிவமைப்பை மாற்றுங்கள். படையைத் தளத்துக்கு அழைத்து மேம்படுத்த, கப்பல் கட்டும் உலோகக் கலவையான அலோய் குவியலாகத் தேவைப்படும். மாரி தொடங்கிய பிறகு குளக்கட்டுக்கு மண் தேட முடியாது. அலோயும் அப்படித்தான், 2380 அளவிலேயே கிட்டங்கி நிறைந்திருக்க வேண்டும்.

அடுத்தது, எதிரியின் கப்பல்களையே துரத்துவது. மூலம் இருக்கும்வரை கப்பல் வந்துகொண்டேயிருக்கும். அன்பிட்டனுக்கு வாசல், அதைக் காக்கும் நங்கூரங்களை முதலில் உடைக்க வேண்டும். பிரெதொரினுக்கு அவை தொற்றிய கிரகங்கள். குண்டு போட்டு வெறும் பாறையாக்கும்வரை விடக்கூடாது. கன்டிஞ்சென்சிக்கு அதன் இயந்திர உலகங்கள். கன்டிஞ்சென்சி வந்தால் உங்கள் சொந்த ரோபோக்களையும் அதன் மறைமுகச் சமிக்ஞை குழப்பும். ஆகவே உழைப்பு முழுவதையும் செயற்கை மனிதர் கையில் விட்டவர்கள் அதிகம் அடிவாங்குவார்கள்.

எல்-வாசலைப் பற்றி, அதாவது ஒதுங்கிய ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்குப் போகும் பூட்டிய வாசலைப் பற்றி, ஒரு வரி போதும்: உள்ளே சாம்பல் புயல் என்ற நுண்ணியந்திரப் படை இருந்தால் அது வெளியே வரும். அதைத் தடுக்கும் படை இல்லாமல் திறக்க வேண்டாம்.

கடைசியாக, எங்கள் பக்கத்து மடிக்கணினிகளுக்கு ஒரு சொல். ஆயிரம் நட்சத்திரங்கள் கொண்ட மண்டலத்தைத் தேர்ந்துவிட்டு, 2400இல் ஒரு மாதம் நகர நிமிடக்கணக்கில் காத்திருப்பவர்களைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பார்க்கிறேன். 400 நட்சத்திரம், குறைந்த பேரரசுகள், குடியிருக்கத்தக்க கிரகங்களின் அளவு பாதி, இது போதும். நெருக்கடியின் பலத்தை முதல் ஆட்டத்தில் ஒன்றுக்கு மேல் ஏற்ற வேண்டாம், 25 மடங்கு வரை ஏற்ற முடியும் என்பது வேறு விஷயம். மின்சாரம் போய்வரும் வீட்டில் அயன்மேன் முறையையும் தவிருங்கள். ஒரேயொரு சேமிப்புக் கோப்புத்தான், அது பழுதானால் ஆட்டமே முடிந்தது.