நாலு எழுத்தும் நீங்களும்: ஆளுமைத் தேர்வு முடிவைச் சரிபார்க்கும் முறை

பத்துப் பதினைந்து நிமிடம் கேள்விகளுக்கு டிக் அடித்து முடித்ததும் திரையில் நாலு எழுத்து வந்து நிற்கும். ஐஎன்எஃப்ஜே, இஎஸ்டிபி என்று ஏதோ ஒன்று. ஐ அல்லது இ, எஸ் அல்லது என், டி அல்லது எஃப், ஜே அல்லது பி என்ற நாலு ஜோடியிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துச் சேர்த்தது. கீழே நீளமாக ஒரு விளக்கம். படிக்கப் படிக்க, ‘அட, என்னை அப்படியே எழுதியிருக்கிறானே’ என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். உங்களைப் பற்றி நீங்களே சொன்னதைக் கூட்டிக் கழித்து, அழகாக எழுதி, உங்களிடமே திருப்பித் தருகிறது அந்தத் தேர்வு. அது உங்கள் வாக்குமூலம். அதற்குச் சாட்சி இருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. ஒரு நோட்டு, ஒரு வாரக் குறிப்பு, தெரிந்தவர்கள் மூன்று பேர், ஐந்து வாரம் கழித்து இன்னொரு தடவை தேர்வு, இவ்வளவு போதும்.

எழுத்துகளைத் தப்பாகப் படிக்காதீர்கள்

இந்த நாலு எழுத்து முறைக்கு வித்து, கார்ல் யூங் 1921-ல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூல். அதை எடுத்து அமெரிக்காவில் கேள்வித்தாளாக ஆக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும். இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். எம்பிடிஐ என்ற அவர்களுடைய மையர்ஸ் பிரிக்ஸ் தேர்வு கட்டணம் உள்ளது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் எழுத்துகளை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, கேள்விகளைத் தாங்களே எழுதிக்கொண்டவை. இரண்டு தளங்கள் இரண்டு வகை சொன்னால் அதிசயமில்லை.

அதிகம் குழப்புபவை மூன்று எழுத்துகள். ‘ஐ’ என்றால் கூச்ச சுபாவம் என்று நினைக்கிறோம். கூச்சம் என்பது நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். ‘ஐ’, அதாவது இன்ட்ரோவெர்ட், குறிப்பது தனியாக இருக்கும்போது தெம்பு கூடுகிற இயல்பை. அதற்கு எதிர் ‘இ’, நாலு பேரோடு இருக்கும்போது தெம்பு கூடுகிறவர். கூச்சமே இல்லாத ‘ஐ’ உண்டு, மேடை ஏறக் கைகால் நடுங்கும் ‘இ’யும் உண்டு. ‘எஃப்’ என்றால் தொட்டதற்கெல்லாம் அழுபவர் என்று பொருளில்லை. முடிவெடுக்கும்போது சம்பந்தப்பட்ட மனிதர்களை முதலில் நினைப்பவர். ‘ஜே’ மற்றவர்களை எடைபோடுபவர் அல்லர். எதையும் முடிவு செய்து வைத்துவிட்டால்தான் நிம்மதி என்பவர். அதற்கு எதிர் ‘பி’, எதையும் முடிவு செய்யாமல் திறந்து வைத்திருக்க விரும்புபவர். கேள்விக்குப் பதில் சொல்லும்போதே இந்தக் குழப்பம் இருந்திருந்தால், முடிவை ஒதுக்கிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

எழுதும் முறை

தூக்கம் கெட்ட நாளிலும், யாரோடாவது சண்டை போட்ட நாளிலும் வேண்டாம். கேள்வியைப் படிக்கும்போது ஆபீஸில் இருக்கும் உங்களை நினைக்கிறீர்களா, வீட்டில் இருக்கும் உங்களையா என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் மாறினால் வருவது இரண்டு பேருடைய சராசரி.

முடிவைத் திறக்கும் முன் உங்கள் யூகத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எம்பிடிஐயை முறையாக நடத்துபவர்கள் செய்வதும் இதைத்தான்: தேர்வு ஒன்று சொல்லி நீங்கள் வேறு சொன்னால், எது பொருந்துகிறது என்ற கடைசி முடிவு உங்களுடையது. இலவசத் தளங்களில் இந்தப் படி காணாமல் போய்விடுகிறது.

பிறகு எழுத்தை விட்டுவிட்டு சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 53% ‘ஐ’ என்று வந்தவரும் 53% ‘இ’ என்று வந்தவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆட்கள். 90% ‘ஐ’ வந்தவர்தான் இருவருக்குமே தூரத்துச் சொந்தம். ஆனால் எழுத்து, முதல் இருவரை எதிரெதிராக நிறுத்தி, 53-ஐயும் 90-ஐயும் ஒரே பெட்டியில் போடுகிறது. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள் என்பதால் இது சின்னப் பிசகு அல்ல. கைக்கணக்காக ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: 60%க்குக் கீழே வந்த எழுத்தை அடித்துவிட்டு அங்கே கோடு போடுங்கள். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். இந்த இடைவெளியில் பாதிப் பேர் வரைக்கும் வேறு வகைக்கு மாறியதாக ஆய்வுகள் சொல்கின்றன. மாறுவது பெரும்பாலும் அந்தக் கோடு போட்ட எழுத்தாகத்தான் இருக்கும்.

விளக்கத்தைச் சலிப்பது

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. வாராவாரம் ராசிபலன் படித்துத் தலையாட்டுபவர்களுக்கு இது புரியக் கஷ்டமிருக்காது.

ஆகவே விளக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள். ‘வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நிறைய யோசிப்பவர்’ என்று ஒரு வரி இருக்கிறதா? இதை உங்கள் நாத்தனாரிடம் காட்டுங்கள். வீட்டு ஓனரிடம் காட்டுங்கள். இருவருமே ‘ஆமாம், நான் அப்படித்தான்’ என்பார்கள். எல்லோருக்கும் பொருந்துவது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அடித்துவிடுங்கள். அடுத்த வரி, ‘கடைசி நேரத்தில் திட்டம் மாறினால் எரிச்சல்படுவீர்கள்.’ இதில் பிடி கிடைக்கிறது. போன மாதம் எத்தனை தடவை திட்டம் மாறியது, எத்தனை தடவை எரிச்சல் வந்தது? தேதியோடு இரண்டு சம்பவமாவது எழுத முடிந்தால் வரி நிற்கட்டும். எதிர்ச் சம்பவம் நினைவுக்கு வந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முப்பது வரியில் ஐந்தாறு தேறினால் நல்ல விளைச்சல்.

சந்தேகமிருந்தால், உங்களுக்கு நேர் எதிரான வகையின் விளக்கத்தைத் தலைப்பை மறைத்துப் படித்துப் பாருங்கள். அதுவும் பொருந்தினால் இரண்டு தாளையும் குப்பையில் போடலாம்.

ஏழு நாள் குறிப்பு

போனில் காலை 11, மாலை 4, இரவு 9 என்று மூன்று அலாரம். அடித்ததும் ஒரே வரி: எங்கே, யாரோடு, கடந்த அரை மணியில் எவ்வளவு கலகலப்பாக இருந்தேன், அது எவ்வளவு சுலபமாக வந்தது. கடைசி இரண்டுக்கும் 1 முதல் 7 வரை எண். நினைவிலிருந்து ராத்திரி மொத்தமாக நிரப்பக் கூடாது. அப்படிச் செய்தால் நீங்கள் நம்புகிற ஆளைப் பற்றிய குறிப்புதான் மிஞ்சும்.

‘செவ்வாய் 11. மீட்டிங், மேனேஜர் உட்பட ஒன்பது பேர். கலகலப்பு 2, சுலபம் 2.’ ‘செவ்வாய் 4. டீக்கடை, பழைய டீம் ஆட்கள் மூவர். கலகலப்பு 6, சுலபம் 7.’ ஒரே ஆள், ஐந்து மணி நேர இடைவெளி. 2001-ல் வில்லியம் ஃப்ளீசன் என்ற உளவியலாளர் இதே மாதிரி குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஓர் ஆளே இரண்டு வாரத்துக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்வருவது தெரிந்தது. ஆளுக்கு ஆள் வேறுபட்டது சராசரிதான். வாரக் கடைசியில் 21 வரி இருக்கும். சராசரியைப் போடுங்கள், ஆனால் எந்த இடத்தில், யாரோடு எண் ஏறி இறங்குகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பாருங்கள்.

கலகலப்பு அதிகம், சுலபம் குறைவு என்று வரும் வரிகள் நீங்கள் ஏற்றிருக்கும் பொறுப்பைக் காட்டும். வீட்டுக்கு மூத்த பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் புக்கிங், கரண்ட் பில், அப்பாவின் மாத்திரை எல்லாம் அவள் தலையில். தேர்வு அவளுக்கு ‘ஜே’ கொடுக்கும். இயல்பா, சுமையா என்று பார்க்க வேண்டுமானால், ஏற்பாடு முழுவதையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஒரு பயணத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கவனிக்க வேண்டும். அங்கே அவள் ரயில் நேரத்தைக்கூடக் கேட்காமல் தூங்கிப்போகலாம். அதற்காக வீட்டில் இருப்பவள் பொய், ரயிலில் தூங்குபவள்தான் உண்மை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இருபது வருஷமாகப் பொறுப்பாகச் செய்துவந்ததும் அவளேதான்.

மூன்று பேரிடம் கேட்பது

வீட்டில் ஒருவர், வேலையில் ஒருவர், பத்து வருஷத்துக்கு முன்பிருந்தே தெரிந்தவர் ஒருவர். ‘நான் எப்படிப்பட்ட ஆள்?’ என்று கேட்டால் ‘நல்ல ஆளுதான்’ என்பதோடு முடிந்துவிடும். ‘நான் டென்ஷனா இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?’, ‘எந்த வேலையை என்னை நம்பிக் கொடுப்பீங்க, எதைக் கொடுக்க மாட்டீங்க?’ என்று கேளுங்கள். பதிலுக்குப் பதில் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம் போன்ற உள்மனச் சங்கதிகளை நாமே சரியாகச் சொல்கிறோம். புத்திசாலித்தனம், படைப்புத்திறன் மாதிரி பெருமை கலந்த விஷயங்களில் கூட இருப்பவர்கள் கணிப்பு மேல். எதில் யாரை நம்புவது என்பதற்கு இது போதும்.

கடைசியில் நாலு எழுத்துக்குப் பதில் மூன்று வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எப்போது, யாரோடு, என்ன செய்கிறேன் என்பது இருக்க வேண்டும். ‘நான் இன்ட்ரோவெர்ட்’ என்பதைவிட, ‘ஆறு பேருக்கு மேல் இருந்தால் பேச மாட்டேன், முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்தால் பேசுவேன்’ என்பதை வைத்து நாளைய மீட்டிங்குக்கு ஏதாவது செய்யலாம்.

விரும்பிய வகை வரும்வரை திரும்பத் திரும்ப எழுதுவது வீண். ‘நான் பி டைப், லேட்டாத்தான் வருவேன்’ என்பது சாக்கு. ஆள் எடுக்க இந்தத் தேர்வைப் பயன்படுத்தக் கூடாது என்று மையர்ஸ் பிரிக்ஸ் அமைப்பே சொல்கிறது. பொண்ணு மாப்பிள்ளை பார்ப்பதற்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

நாலு எழுத்தில் இடமே இல்லாத ஒன்று, கவலைப்படும் சுபாவம். ஐம்பெரும் பண்புகள் என்ற அளவுமுறையில் அது உண்டு. அதை அளக்க ஐபிஐபி என்ற பொதுத் தொகுப்பில் இருக்கும் கேள்விகள் இலவசம், முடிவும் எண்களாகத்தான் வரும். ஆட்களைப் பார்க்கவே பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதென்றால் அதை ‘ஐ’ கூடிவிட்டது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். 14416-க்கு அழைத்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். கேள்வித்தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.