கடற்கரை மணலில் கூடாரம்: எந்த முளை நிற்கும்?

முல்லைத்தீவுக் கரையில் முதன்முதலாகக் கூடாரம் போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதல் தடவை போனது ஆனி மாதம், அளம்பில் பக்கம். சோழகக் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காலம். நள்ளிரவில் காற்றுப் பக்கத்து முளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. நாங்கள் இரண்டு பேர் உள்ளே படுத்திருந்தபடியால்தான் கூடாரம் கடலுக்குப் போகவில்லை. விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் ஒரு முளைகூட வளைந்திருக்கவில்லை. மணல் அவற்றைப் பிடிக்கவே இல்லை.

கூடாரப் பையோடு வருகிற மெல்லிய கம்பி முளை பெரும்பாலும் 15 முதல் 18 சென்ரிமீற்றர் நீளம். வன்னியின் உட்பக்கத்துச் செம்மண்ணில் அது போதும், இறுகிய மண் கம்பியைக் கவ்விக்கொள்ளும். உலர்ந்த மணலில் துகளோடு துகள் ஒட்டாது. முளையை அங்கே நிறுத்தி வைப்பது அதன் முன்னாலும் மேலேயும் கிடக்கிற மணலின் பாரமும் உராய்வும்தான். அதனால் அகலத்தையும் ஆழத்தையும் பாருங்கள். கூர்மை இங்கே உதவாது.

1. இடத்தைப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் இருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, கட்டிவிட்ட நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், வாடியில் இருக்கிற மீனவரிடம் கேட்டுவிட்டே முளை அடியுங்கள், குழி தோண்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அலை வந்து தொடுகிற கோட்டுக்கு நன்றாக மேலே, அடம்பன் கொடி படர்ந்த இடத்தின் ஓரமாக இடம் பிடியுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். அதன் வேர் ஓடிய மணல் வெறும் மணலைவிட நன்றாகப் பிடிக்கும். கொடியைப் பிடுங்காதீர்கள், கரையைக் காப்பது அதுதான்.

2. முளையைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் வாங்குவதானால் குறைந்தது 30 சென்ரிமீற்றர் நீளமும், இரண்டு மூன்று விரல் அகலமும், கூரைத் தண்ணீர்ப் பீலிபோல் வளைந்த உடலும் உள்ள அலுமினிய முளை நல்லது. உடலில் துளைகள் இருக்கும், கயிறு கட்ட வசதி. திருகி இறக்குகிற பிளாஸ்ரிக் முளையும் உண்டு. ஈர மணலில் பரவாயில்லை, பொலபொலவென்ற மணலில் நான் அதை நம்புவதில்லை. சாதாரண இரும்புக் கம்பி உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

3. அடிக்கும் விதம்

மேலே கிடக்கிற காய்ந்த மணலை ஒரு சாண் அளவுக்கு வழித்துவிட்டு, கீழேயுள்ள ஈர மணலில் அடியுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மாட்டுக்குக் கட்டை அடித்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். முழுதாக இறக்கி, வழித்த மணலை மேலே போட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மிதியுங்கள். ஈரம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். கடல்நீரே போதும்.

4. காற்றுப் பக்கத்துக்குப் புதைமுளை

காசு செலவழிக்காமல் கிடைக்கிற மிகப் பலமான பிடி இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடிக்காமல் படுக்கையாகப் புதைப்பதால் இதைப் புதைமுளை என்கிறேன்.

மணிக்கட்டுப் பருமனில், அரை மீற்றர் நீளத்தில் காய்ந்த தடி ஒன்று எடுங்கள். பனைமட்டையும் அருமையாக நிற்கும், அகலமானது. ஆனால் அதன் கருக்கை இரண்டு பக்கமும் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்க அது கயிற்றை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கூடாரக் கயிற்றுக்குக் குறுக்காக, முழங்கை ஆழத்தில் பள்ளம் தோண்டுங்கள். தடியின் நடுவில் தனியாக ஒரு துண்டுக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, மறுமுனையை வளையமாக்கி வெளியே விடுங்கள். கூடாரக் கயிற்றை அந்த வளையத்தில் கட்டினால் பிறகு இறுக்கவும் தளர்த்தவும் மணலைக் கிண்ட வேண்டியதில்லை. துண்டுக் கயிறு வளையாமல் நேராக வெளியே வர, கூடாரப் பக்கம் ஒடுக்கமான ஒரு வழி வெட்டிவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் மிதியுங்கள். ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆழம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்குக்கும் மேலே கூடும்.

தடி இல்லையென்றால் 5 கிலோ அரிசிப் பையில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, அதே மாதிரிப் புதைக்கலாம். ஒரு லீற்றர் உலர்ந்த மணலே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். அந்தப் பையை மணலுக்கு மேலே வைத்தால் அதன் பாரம் மட்டும்தான். புதைத்தால் மேலேயுள்ள மணலும் சேர்ந்து பிடிக்கும்.

5. இழுத்துப் பாருங்கள்

கயிற்றை நீளமாக விட்டுத் தாழ்வாகக் கட்டுங்கள். செங்குத்தாக நின்றால் அது முளையை மேலே பிடுங்கும். பிறகு உடம்பைச் சாய்த்து இழுங்கள். அசைந்தால் தயங்காமல் தோண்டி, இன்னும் ஆழமாகப் புதையுங்கள். காற்று எழும்புவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

காலையில் புறப்படும்போது முளைகளையும் பைகளையும் எண்ணி எடுங்கள். கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கிற இடம் அது. குழிகளை மூடி மட்டமாக்குங்கள். வீட்டுக்குப் போனதும் முளைகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.