டைனிங் ஹாலில் பேச்சுக் கொடுப்பது எப்படி: ஆகஸ்டில் அமெரிக்கா கிளம்பும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கமிருந்து அமெரிக்கா போகிறவர்கள், எனக்குத் தெரிந்து, பெரும்பாலும் முதுகலை படிக்கத்தான் போகிறார்கள். நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்து, குக்கரில் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொள்கிறார்கள். காசு மிச்சம், சரி. ஆனால் படிப்பு முடியும்வரை அந்த நாலு பேரோடு மட்டுமே பேசிவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பல பல்கலைக்கழகங்களின் டைனிங் ஹாலில், அதாவது மாணவர்களின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், பருவத்துக்கு இத்தனை வேளை சாப்பாடு என்று முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் சின்ன மீல் பிளான் உண்டு. வாரம் ஒரு மதியச் சாப்பாட்டுக்காவது அதை வாங்கிவிடுங்கள்.

வாசலில் கார்டைத் தேய்த்து உள்ளே போனால் வேண்டியதை வேண்டிய மட்டும் சாப்பிடலாம். முதல் பேச்சைப் பரிமாறுகிறவர்களிடம் தொடங்குங்கள். “இதில் மாட்டிறைச்சி இருக்கிறதா?”, “இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது?” என்று கேட்டாலே போதும். சட்டையில் பெயர் குத்தியிருந்தால், மறுமுறை பெயர் சொல்லி ஹலோ சொல்லுங்கள்.

அப்புறம் இடம் பிடிப்பது. நம்ம பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் தோள் உரசி நின்றுகொண்டு “அண்ணே, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்துங்க” என்றால், பக்கத்தில் நிற்பவரும் பேச்சில் சேர்ந்துவிடுவார். டைனிங் ஹாலில் அப்படித் தானாக நடக்காது. நாற்காலி காலியாக இருந்தாலும் “இங்கே உட்காரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். காதில் இயர்போன், முன்னால் லேப்டாப் என்று இருப்பவரை விட்டுவிடுங்கள். வகுப்புகள் தொடங்கிய முதல் சில வாரங்களில் எல்லோருமே புதுசு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போகப்போக அவரவர் கூட்டம் அமைந்துவிடும்.

என்ன பேசுவது? அவர் தட்டில் இருப்பதையே கேளுங்கள், எந்தக் கவுண்ட்டரில் எடுத்தார் என்று. பிறகு என்ன படிக்கிறார், எந்த ஊர். அப்பா என்ன வேலை, சம்பளம், கல்யாணம், மதம் எல்லாம் வேண்டாம்.

உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் “எங்கள் சாப்பாடு காரம்” என்று முடித்துவிடாதீர்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் எங்கள் தெருவில் கிடைக்கும், வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுப்பார்கள் என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் கட்டாயம் மேலே கேட்பார். விளையாட்டுப் பேச்சு வந்தால் புது வண்ணாரப்பேட்டை காசிமாவைச் சொல்லுங்கள். 2024இல் அமெரிக்காவிலேயே நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற பெண். கேரம் என்றால் என்னவென்று விளக்குவதிலேயே பாதிச் சாப்பாடு முடிந்துவிடும்.

உங்கள் பெயரை நிதானமாக, இரண்டு முறை சொல்லுங்கள். அவர் பெயர் பிடிபடவில்லையென்றால் திரும்பக் கேட்பதில் தப்பே இல்லை. திடீரென்று “கிளாஸ் இருக்கிறது” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவார்கள், அதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு வருவேன் என்று சொல்லிவையுங்கள்.

நம்ம பசங்களோடு உட்காரும் நாளில் வேற்றுமொழிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தால், உடனே எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள். மீல் பிளானை மாற்றிக்கொள்ளப் பல இடங்களில் தொடக்க வாரங்களில்தான் அனுமதி உண்டு. போன கையோடு கடைசித் தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.