எஸ்டேட் கொட்டகையின் வயதைச் சுவரில் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் கிராமப்புற எஸ்டேட்டுகளில் மாளிகைக்கு வரைபடம், செலவுக் கணக்கு, கட்டியவர் பெயர் எல்லாம் பெரும்பாலும் கிடைத்துவிடும். பின்னால் நிற்கும் குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, தானியக் களஞ்சியம், புறாக்கூடு இவற்றுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வேலைக்காகக் கட்டியவை என்பதால் தேவை மாறும்போதெல்லாம் இடித்தும் ஒட்டியும் மாற்றியிருப்பார்கள். எனவே எந்த வருஷம் கட்டியது என்பதைவிட, எத்தனை தடவை கட்டியது என்று தேடுங்கள்.

முதலில் சுவரைச் சுற்றி வாருங்கள். செங்கல் வரிசைகள் ஒன்றோடொன்று பின்னாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே செங்குத்துக் கோடாக இணைப்பு ஓடினால் அங்கே இரண்டு காலங்கள் சந்திக்கின்றன. எந்தப் பக்கம் மூலையாக முடித்துக் கட்டப்பட்டிருக்கிறதோ அதுவே முந்தியது. மற்றது பிறகு வந்து முட்டியது. இதைத் தாளில் குறித்தபின் அளவெடுங்கள்.

ஒற்றைச் செங்கல்லை அளந்து முடிவுகட்ட வேண்டாம். கையால் அறுத்துச் சூளையில் சுட்ட கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இணைப்புக்கு இருபுறமும் தனித்தனியாகப் பத்துப் பத்துக் கல்லை அளந்து சராசரி எடுங்கள். சாந்தோடு சேர்த்து நான்கு வரிசைகளின் உயரத்தையும் குறியுங்கள். 16, 17ஆம் நூற்றாண்டுக் கல் மெலிந்தது, சுமார் 50 முதல் 57 மி.மீ. தடிமன். 19ஆம் நூற்றாண்டுக் கல் பொதுவாக 63 முதல் 76 மி.மீ.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கல் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போர்ச் செலவை ஈடுகட்ட 1784இல் செங்கல்லுக்கு வரி போட்டார்கள், ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங். வரி எண்ணிக்கைக்குத்தான், அளவுக்கு இல்லை. லெஸ்டர்ஷயரின் மீஷம் ஊரில் ஜோசப் வில்க்ஸ் ஏறக்குறைய இரட்டிப்புப் பெரிய கல்லையே வார்த்தார். 1803இல் 150 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லுக்கு வரியை இரட்டிப்பாக்கினார்கள், ஆதாயம் போய்விட்டது. ஆகவே ராட்சதக் கல் அந்த இருபது வருஷத்தைச் சுட்டும் நல்ல தடயம். வரி 1850இல் நீங்கியது.

ஏமாற்றுவது பழைய கல்லின் மறுபயன்பாடு. மாளிகையில் எதை இடித்தாலும் கல்லும் மரமும் கொட்டகைக்குப் போயின. கல்லின் முகத்தில் வேறு சாந்தோ வெள்ளைப்பூச்சோ ஒட்டியிருக்கிறதா, ஒரே வரிசையில் பல அளவுகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உத்திரத்தில் எதுவும் பொருந்தாத வெறும் பொருத்துத் துளை இருந்தால் அந்த மரம் வேறெங்கோ இருந்து வந்திருக்கலாம்.

கூரைக்குள் டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். சீரற்ற இடைவெளியில் நேர்க்கோடுகள் தெரிந்தால் குழிக்கு மேலும் கீழும் ஆள் நின்று இழுத்த ரம்பம், வில்போல் வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. மரங்களை எந்த வரிசையில் பொருத்துவது என்று காட்டத் தச்சர்கள் செதுக்கிய ரோமன் எண்களையும் வரிசையாக எழுதுங்கள். வரிசை தப்பியிருந்தால் கூரையைப் பிரித்து மறுபடி பூட்டியிருக்கலாம்.

ஓக் மரத்தின் வளையங்களின் அகலத்தை அளந்து, காலம் தெரிந்த மரங்களின் வளைய வரிசையோடு ஒப்பிடுவதுதான் துல்லியமான வழி. குறைந்தது ஐம்பது வளையம் வேண்டும், பட்டையை ஒட்டிய வெளிவளையமும் இருக்க வேண்டும். அது செதுக்கப்பட்டுவிட்டால் மரம் வெட்டிய வருஷம் சரியாகக் கிடைக்காது.

வரைபடம் கடைசியில்தான். 1836 சட்டத்துக்குப் பின் வரைந்த தசமபாக வரி (விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தேவாலயத்துக்குக் கொடுப்பது) வரைபடங்கள் பலவற்றில் குடியிருப்பு சிவப்பு, கொட்டகை சாம்பல் நிறம். பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின், ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் வரைபடத்தில் வண்ணம் தீட்டிய பிரதி கிடைத்தால் செங்கல், கல் கட்டடம் சிவப்பாகவும் மரம், இரும்புக் கட்டடம் சாம்பலாகவும் இருக்கும். 1910 நிலமதிப்பீட்டின் களப்புத்தகங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஒவ்வொரு சொத்திலும் என்னென்ன கட்டடங்கள் இருந்தன என்று பலவற்றில் எழுதியிருக்கும். ஆனால் எல்லா வரைபடத்திலும் ஒரே செவ்வகம் இருப்பது ஒரே கட்டடம் என்பதற்குச் சான்றாகாது. பழைய அடித்தளத்தின் மேலேயே புதிதாக எழுப்பியிருக்கலாம்.

சாந்தைச் சுரண்டும் முன்பும் மரத்தைத் துளைக்கும் முன்பும் உரிமையாளரிடமும் உள்ளூர் கவுன்சிலின் பாதுகாப்பு அலுவலரிடமும் கேளுங்கள். மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் கொட்டகைக்கும் பொதுவாக அதே பாதுகாப்புச் சட்டம்தான்.