மலை இறக்கத்தில் பின் பிரேக்: கோளாறு பார்ப்பதும் ஏர் எடுப்பதும்

“அண்ணா, பின் பிரேக் பெடல் உள்ளே போகுது, ஏர் எடுத்துக் குடுங்க” என்றுதான் பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள பைக்கோடு கோத்தகிரியில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம். ஸ்பேனரை எடுக்கும் முன் நான் ஒன்று கேட்பேன்: எப்போது உள்ளே போகிறது? காலையில் வண்டியை எடுக்கும்போதே அப்படித்தானா? மேட்டுப்பாளையம் சாலையில் அரவேனு தாண்டி இறங்கி, குஞ்சப்பனை பக்கம் வரும்போது மட்டுமா? வீலைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டிய பிறகா? இல்லை, காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறதா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறு. எல்லாவற்றுக்கும் ஏர் எடுப்பதுதான் வைத்தியம் என்று நினைத்து மலை இறங்குவது ஆபத்து. அதனால் கோளாறைப் பிரித்துப் பார்ப்பதை முதலில் சொல்கிறேன், ஏர் எடுக்கும் முறை அதற்குப் பிறகு.

இறக்கத்தில் மட்டும் தளர்வதுதான் எங்கள் ஊர் வண்டிகளில் அதிகம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 சொச்சம். முப்பது சொச்சம் கிலோமீட்டரில் அத்தனை உயரத்தையும் இறங்கியாக வேண்டும். நியூட்ரலில் போட்டோ, நாலாவது கியரிலோ, பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க்கில் உண்டாகும் சூடு, டிஸ்க்கைக் கவ்வும் பேட், பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போய்ச் சேரும். டாட் 4 ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆயில் டப்பாவின் மூடி நன்றாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக ஈரம் ஏறும். தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் அதற்கான வரம்பே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தால் 140.

ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பேடுக்கு எதுவும் போய்ச் சேராது. அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தால் ஆவி மறுபடி தண்ணீராகி, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு மெக்கானிக்கிடம் காட்டினால் “பிரேக் நல்லாத்தானே இருக்கு” என்பார். அந்த நேரத்தில் அது நன்றாகத்தான் இருக்கும். எனவே எந்த இடத்தில் தளர்ந்தது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். இதற்கு டப்பாவில் ஆயிலை ஊற்றி நிரப்புவது தீர்வே இல்லை. லைனில் இருக்கும் பழைய ஆயில் முழுவதும் வெளியே வர வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. தினமும் மலை ஏறி இறங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு மாற்றிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அப்புறம் கியர். ஒரு சாலையில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். முன் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பின் பிரேக் மட்டும் தாங்காது.

ஆயில் புதிது, கியரும் சரி, ஆனாலும் சூடாகிறது என்றால் பெடலின் ப்ளேயை, அதாவது வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா அசையும் தூரத்தைப் பாருங்கள். இதைப் பல பேர் கவனிப்பதே இல்லை. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள், டப்பாவிலிருந்து ஆயில் வரும் வழியில், ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. காலை எடுத்ததும் உள்ளே இருக்கும் ரப்பர் கப் பின்னுக்கு வந்து அந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் சூட்டில் விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். பெடலை உயர்த்துவதற்காக, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் புஷ் ராடை ஒரேயடியாகத் திருகி வைத்தாலோ, ஷூ நுனி எப்போதும் பெடல் மேலேயே கிடந்தாலோ, கப் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும். ஆயிலுக்குப் போக வழியில்லை. அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும், பேட் உரசும், உரச உரசச் சூடு ஏறும், சூடு ஏற ஏற இன்னும் இறுகும். கடைசியில் வீல் சுற்றவே சுற்றாது.

இப்படிப் பிடித்துக்கொண்டு நின்ற வண்டியை நன்றாக ஆறவிட்டுப் பாருங்கள். ஆறியும் இறுக்கம் விடவில்லை என்றால், கையுறை போட்டுக்கொண்டு, காலிப்பரில் (பிஸ்டனும் பேடும் இருக்கும் பகுதி) ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளை லேசாகத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் ஆயில் பீறி வந்து வீல் சுற்ற ஆரம்பித்தால், துளை மூடியிருக்கிறது அல்லது ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கிறது. திறந்தும் வீல் அசையவில்லையா, கோளாறு காலிப்பரில்: பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருவேறி இறுகியிருக்கும். ப்ளே சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெடலைக் கையால் அழுத்துங்கள். புஷ் ராட் எதிர்ப்புக் கொடுக்கும் முன் கொஞ்சமாவது சும்மா அசைய வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் அளவு இருக்கும்.

பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது மெல்ல இறங்கினால், முதலில் கசிவைத் தேடுங்கள். ஹோஸின் இரண்டு முனை, நிப்பிள், பிஸ்டன் ஓரம், மாஸ்டர் சிலிண்டரின் அடியில் இருக்கும் ரப்பர் பூட், எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் கப் தேய்ந்துவிட்டது. கிட் மாற்ற வேண்டும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை. வீலைக் கழற்றி மாட்டிய பிறகு பெடல் உள்ளே போனால் பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும், பெடலை நாலைந்து முறை மிதித்தால் வந்துவிடும். பெடல் கல் போல இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடைக் கழற்றிப் பாருங்கள். செயினுக்கு அடித்த ஸ்ப்ரே டிஸ்க்கில் பட்டிருக்கலாம். எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்தோ சுட்டோ மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள். பேட் தேய்ந்து 1 மில்லிமீட்டர்தான் மிச்சமிருந்தாலும் அப்படியே. புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா நிரம்பி வழியும், முன்னதாகவே கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பெடல் இரண்டு மூன்று முறை மிதித்ததும் கெட்டியாகி, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பஞ்சாகிவிடுகிறது, காலையிலும் மாலையிலும் அப்படியே இருக்கிறது என்றால் அது ஏர். இனி வேலைக்கு வருவோம்.

மூடி திறக்காத சிறிய பாட்டில் ஆயில் வாங்குங்கள். போன வருடம் பாதி ஊற்றி மூடி வைத்த பாட்டில் வேண்டாம். டப்பா மூடியிலேயே எந்த டாட் என்று பொறித்திருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 சிலிகான் வகை, டாட் 3, 4, 5.1 எதனுடனும் கலக்காது. என்ஜின் ஆயில், டீசல் போன்றவை ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். நிப்பிளுக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 எம்எம், சில வண்டிகளில் 10 அல்லது 11), நிப்பிளில் இறுக்கமாகப் பொருந்தும் கண்ணாடி போன்ற டியூப், ஒரு பழைய பாட்டில், சிரிஞ்ச், துணி, ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், இந்த ஆயில் பெயின்டை உரித்துவிடும். சொட்டுப் பட்டதும் துடைப்பதோடு நிற்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மூடுபனி உள்ளே வரும் நாளில் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

நிப்பிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைச் சேற்றில் ஓடிய வண்டியில் அது காலிப்பரோடு ஒட்டிப்போயிருக்கும். வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் முனை மழுங்கும், இன்னும் பலம் கொடுத்தால் உள்ளேயே உடையும், அப்புறம் காலிப்பருக்கே செலவு. நான் முதலில் நிப்பிளைச் சுற்றி பிரஷ் போட்டுச் சேற்றை எடுப்பேன். பிறகு கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் காலிப்பரின் அந்த மூலையில் மட்டும் மெதுவாக ஊற்றுவேன். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், அதனால் பிடி கொஞ்சம் தளரும். ரிங் ஸ்பேனரை மாட்டி, நிப்பிள் தலையில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டு, முதலில் மயிரிழை அளவு இறுக்கம், பிறகு தளர்வு. ‘டிக்’ என்று ஒரு சத்தம் கையில் உணரும்படி வரும். அது வராமல் ஸ்பேனர் மட்டும் வளைந்து கொடுப்பது போல இருந்தால் நிறுத்திவிட்டு, மறுபடி வெந்நீர்.

வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் டப்பாவின் அளவும் சரியாகத் தெரியாது. டப்பா மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்த கசடைத் துணியால் ஒற்றி எடுத்து, புதியதை மேல் கோடு வரை ஊற்றுங்கள். ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன் மேல் டியூபைச் செருகி, டியூப் ஒருமுறை மேலே ஏறி வளைந்து பாட்டிலுக்குள் இறங்கும்படி வையுங்கள். பாட்டிலில் கொஞ்சம் ஆயில் இருக்கட்டும், டியூப் முனை அதில் மூழ்கியிருக்கட்டும்.

பெடலுக்கு என் தங்கை மகனைத்தான் உட்கார வைப்பேன். அவனுக்கு ஒரே விதி: நான் “விடு” என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. மூன்று முறை நிதானமாக அழுத்தி, நாலாவதில் பிடித்துக்கொண்டு “பிடிச்சிருக்கேன் மாமா” என்பான். நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். பெடல் இறங்கும், டியூபில் ஆயில் ஓடும். பெடல் முழுவதும் கீழே போகும் முன் மூடிவிட்டு “விடு” என்பேன். திறந்திருக்கும்போது கால் எழுந்தால் வெளியேறியது மறுபடி உள்ளே போய்விடும். பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் வைப்பேன். வழக்கமாகக் கப் போகாத ஆழத்தில் சிலிண்டர் சுவரில் துரு இருக்கும், அங்கே போய் உரசினால் நன்றாக இருந்த கப்பும் கிழிந்துவிடும்.

முதலில் கருப்பட்டிக் காபி நிறத்தில் வரும். இடையிடையே பெரிய குமிழிகள் வரும், பிறகு கடுகு போலப் பொடிக் குமிழிகள். நிறம் வெளுத்துவிட்டது என்று உடனே நிறுத்தாதீர்கள், பொடிக் குமிழி நின்ற பிறகும் சில முறை ஓட்டுங்கள். நாலைந்து அழுத்தத்துக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். பின் பிரேக் டப்பா ரொம்பச் சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் வற்றிவிடும். வற்றினால் மேலிருந்து புது ஏர் இறங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

எவ்வளவு எடுத்தும் பஞ்சாகவே இருந்தால், ஏர் எங்கே ஒளிந்திருக்கும் என்று யோசியுங்கள். ஏர் எப்போதும் மேலே ஏறும். காலிப்பரில் நிப்பிள்தான் உச்சியில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் அது சாய்ந்தோ கீழே பார்த்தோ இருக்கும். அப்போது ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை மட்டும் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி பிடித்து ஏர் எடுங்கள். இன்னொரு இடம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் புறப்படும் பேஞ்சோ போல்ட். பெடலைப் பிடிக்கச் சொல்லி, துணியைச் சுற்றி, போல்ட்டைத் துளி தளர்த்தி உடனே இறுக்கினால் அங்கே நின்ற குமிழி சீறிக்கொண்டு வரும். பழைய செம்பு வாஷர் கசிந்தால் புதிது போடுங்கள்.

உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, கீழிருந்து ஏற்றும் முறை. புது ஆயிலைச் சிரிஞ்சில் நிரப்பி, டியூபிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, நிப்பிள் வழியாக மெதுவாக உள்ளே தள்ளுங்கள். குமிழி தானாக ஏறும் திசையிலேயே நாமும் தள்ளுவதால் பின் பிரேக்குக்கு இது நன்றாக வேலை செய்கிறது. டப்பா வழியாமல் மேலே அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். லைனிலிருக்கும் பழைய ஆயிலை முதலிலேயே வெளியேற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கசடு மேலே ஏறி அந்த ஊசித் துளையை அடைக்கும். பம்ப் வைத்து நிப்பிளில் உறிஞ்சுகிறவர்களுக்கு ஒன்று: நிப்பிளின் மரை வழியாகவும் காற்று உள்ளே வரும், டியூபில் குமிழி நிற்கவே நிற்காது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெடல் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயம். சிங்கிள் சேனல் என்றால் முன் வீலுக்கு மட்டும்தான், பின் லைனுக்கு மேலே சொன்ன முறையே போதும். இரண்டு வீலுக்கும் உள்ள டூயல் சேனலிலும் டப்பா வற்றாமல் மாற்றினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. வற்றி, ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஏர் போய்விட்டதென்றால் ஸ்கேனர் போட்டு அதன் பம்பை ஓட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதைச் சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே நல்லது.

முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்குங்கள். 8 எம்எம் நிப்பிளுக்கு 5, 6 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்பேனரின் நுனியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ரப்பர் தொப்பியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் நிப்பிள் துளைக்குள் சேறு. பின் வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசான உரசல் பரவாயில்லை, இரண்டு சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். பெடல் உயரம் மாறியிருந்தால் பிரேக் லைட் சரியான இடத்தில் எரிகிறதா என்று சுவிட்சையும் பாருங்கள். சோதனை ஓட்டத்தை இறக்கத்தில் தொடங்காதீர்கள். முதலில் தள்ளிக்கொண்டு போய் மிதித்துப் பாருங்கள், பிறகு சமதளத்தில் நடக்கும் வேகத்தில், அப்புறம்தான் சரிவு. இரவு காலிப்பருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள், கசிவிருந்தால் காலையில் கறை சொல்லிவிடும்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தேயிலைச் செடி ஓரத்திலோ ஊற்றாதீர்கள், கீழே இருப்பவர்கள் குடிக்கும் ஓடைக்குத்தான் அது போகும். பாட்டிலை இறுக மூடி, மேலே எழுதி ஒட்டி, பழைய என்ஜின் ஆயில் சேர்க்கும் பட்டறையில் அதோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.