கைக்கு எட்டாத ஷவர் வடிகால் கசிவு: டைல்ஸை உடைக்கும் முன்

அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் கசிவை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கீழ்வீட்டுக்காரர்தான். அவர் வீட்டுக் கூரையில் வெள்ளையடித்த இடம் மஞ்சள் பூத்து, காரை உப்பி, சொட்டத் தொடங்கிய பிறகே நமக்குச் செய்தி வரும். அடுத்து வரும் பிளம்பர், "தரை முழுக்க உடைச்சாத்தான் தெரியும் சார்" என்பார். உடைத்தே ஆகவேண்டிய பழுதுகளும் உண்டு; ஆனால் நான் பார்த்தவற்றில் பல, வடிகால் வாயை மூடியிருக்கும் துளைத்தட்டான ஜாலியிலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள் முடிந்துவிட்டவை.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். ஷவர் தண்ணீர் ஜாலி வழியாக, தரைக்கடியில் உள்ள வளைந்த வடிகால் உறுப்பான நானி ட்ராப்பில் இறங்குகிறது. சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்க, அதன் வளைவில் சுமார் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். ட்ராப்பின் வாய்க்கும் டைல்ஸ் மட்டத்துக்கும் இடையே ஒரு பிவிசி துண்டு செருகப்பட்டிருக்கும். இவையெல்லாம் 'சங்கன்' எனப்படும் தாழ்த்திய தளத்தில், செங்கல் ஜல்லி நிரப்பலுக்குள் புதைந்து கிடக்கின்றன. கசியும் தண்ணீர் அந்த நிரப்பலில் தொட்டிபோல் தேங்கி, பிறகு தனக்கு வழி கிடைத்த இடத்தில் இறங்குவதால், கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் பழுது என்று நினைத்துவிடக் கூடாது.

எனவே சோதனைக்கு அவசரம் ஆகாது. குளியலறைக்குத் தண்ணீர் வரும் குழாயின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, நான்கைந்து நாட்கள் அந்தக் குளியலறையில் குளிக்காமல் இருங்கள். சொட்டு சற்றும் குறையவில்லையென்றால், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். குறைந்தால், ஹோஸ் குழாயின் முனையை ஜாலிக்குள் நுழைத்து, தரையில் ஒரு துளியும் படாமல் இரண்டு வாளித் தண்ணீரை இறக்குங்கள். அதில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்துகொள்ளலாம். ஒரு நாள் கழித்துக் கீழே சொட்டு கூடினால் பழுது ட்ராப்பிலோ குழாயிலோ இருக்கிறது. நிரப்பலில் ஊறி வருகையில் நிறம் மங்கிவிடும் என்பதால், நீலம் தெரியாததைக் கொண்டு கசிவில்லை என முடிவு செய்யாதீர்கள். சொட்டு கூடவில்லையென்றால், பாலித்தீன் சுற்றிய துணிப்பந்தால் வடிகால் வாயை அடைத்து, தரையில் ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். இப்போது சொட்டினால் குற்றவாளி டைல்ஸ் இடுக்கு, அல்லது ஜாலியைச் சுற்றியுள்ள விளிம்பு.

விளிம்புப் பழுதை நீங்களே சரிசெய்யலாம். ஜாலியை மெல்ல நெம்பி எடுத்து, முடியையும் சோப்புக் கசடையும் அகற்றுங்கள். கண்ணுக்கு மறைந்த பக்கத்தை, செல்பேசி வெளிச்சமும் ஒரு சிறு கண்ணாடியும் காட்டிவிடும். பழைய ஆக்ஸா பிளேடை பிவிசி துண்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால், எங்கே அது தடையின்றி உள்ளே இறங்குகிறதோ அங்கேதான் தண்ணீரும் இறங்குகிறது. சுரண்டும் சாந்து ட்ராப்பில் விழாதிருக்க, கயிறு கட்டிய துணிப்பந்தை வாயில் செருகுங்கள். கயிறு இல்லையென்றால் அதை வெளியே எடுப்பது தனி வேலையாகிவிடும். தளர்ந்த சாந்தை ஒரு விரல் ஆழம்வரை சுரண்டி, டேபிள் ஃபேன் வைத்து ஒரு நாள் உலர்த்துங்கள்.

வழுவழுப்பான பிவிசியில் சிமெண்ட் பிடிக்காது. ஜாலியைச் சுற்றி வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டுப் போகும் வேலை, சில மாதங்களில் விரிசல் விடுவது இதனால்தான். குழாயை உப்புத்தாளால் தேய்த்து, பிவிசி ஒட்டும் பசையைத் தடவி, அது காய்வதற்குள் உலர்ந்த மணலைத் தூவுங்கள். சொரசொரப்பான அந்தப் பரப்பைச் சாந்து இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணலுடன், சாந்தின் பிடிப்பைக் கூட்டும் பால்போன்ற திரவமான எஸ்பிஆர் லேடெக்ஸ் கலந்து, கையுறை அணிந்து விரலால் அழுத்தி நிரப்புங்கள். ஜாலியை வைத்து விளிம்பை எபாக்ஸி கிரவுட்டால் (தண்ணீர் புகாத இடுக்கு நிரப்பி) மூடி, மூன்று நாட்கள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

பிவிசி துண்டு ட்ராப்பில் செருகும் இணைப்பில் கசிவு என்றால், அங்கே விரல் எட்டினால், இரு நிறப் பகுதிகளாக வரும் களிமண் போன்ற எபாக்ஸி புட்டி உதவும். இரு நிறங்களும் ஒன்றாகும்வரை பிசைந்து, உலர்ந்த இணைப்பில் திணிக்க வேண்டும். வளைவிலோ அதற்கு அப்பாலுள்ள குழாயிலோ விரிசல் இருந்தால் இது பலிக்காது. அப்போதும் ட்ராப்பைச் சுற்றி ஏறக்குறைய இரண்டடிச் சதுரத்தை மட்டும் முதலில் திறக்கச் சொல்லுங்கள். சங்கன் இல்லாமல் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் குழாய் தொங்கும் வீடுகளில், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு அங்கிருந்தே இணைப்பைப் பிரித்து ரப்பர் வளையத்தை மாற்றிவிடலாம். வளையம் வழுக்கி உள்ளே போக சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.

இன்னொன்று: கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் சாந்தைத்தான் முதலில் அரிக்கிறது.

வேலை முடிந்ததும் அதே தண்ணீர்ச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். நிரப்பலில் ஏற்கெனவே தேங்கிய ஈரம் வடிய வாரக்கணக்கில் ஆகும் என்பதைக் கீழ்வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கூரை நன்றாகக் காயும்வரை அவர்கள் பெயிண்ட் அடிக்க வேண்டாம்.